கசங்கல் அக்கா விருந்தாளியாகப் போனது

ஏரியின் தென்கரையில் இருக்கும் பெரிய ஓட்டலில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் அவள். அந்தப் பதவிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் சட்டென்று புரியாது. கசங்கல் அக்கா என்றால்தான் தெரியும். விரித்த படுக்கையில் ஒரு கசங்கலைக் கண்டுவிட்டால் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவாள். திட்ட மாட்டாள். உருவிப் போட்டுவிட்டு, மறுபடி விரித்து முடிக்கும்வரை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று பெண்கள் முணுமுணுப்பார்கள்.

ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. வேகமாக நடப்பாள், ஆனால் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரே வேலையை நெடுங்காலம் செய்கிறவர்கள் அதைப் பற்றிப் பெருமை பேசுவார்கள், இல்லையென்றால் சலித்துக்கொள்வார்கள். அவள் இரண்டும் செய்ததில்லை. அது அடக்கமா, நேரமின்மையா என்று கேட்டால், நேரமின்மை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. தங்கியிருப்பவர்கள் வெளியே போன பிறகு அறைக்குள் நுழைந்தால் உடனே எதையும் தொடமாட்டாள். கதவருகில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்ப்பாள். பெண்களிடமும் அதையே சொல்வாள். “அறை உங்ககிட்ட பேச ஆரம்பிக்கும். நீங்க அதுக்குள்ள துடைச்சு எறிஞ்சுடறீங்க.” சோபாவில் ஒரு தலையணை கிடந்தால், அன்று மாலை யாரும் கேட்காமலே சோபாவின் மேல் ஒரு போர்வை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அப்படி வைத்ததற்காக ஒரு அம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது அவள் கையை அழுத்திவிட்டுப் போனாள். எப்போதும் சரியாகக் கணித்தாள் என்றும் சொல்ல முடியாது. இது தேறாது என்று அவள் தலையை ஆட்டிய ஒரு ஜோடி, அடுத்த சீசனில் கைக்குழந்தையோடு வந்து நின்றது.

அவள் கணவர் படகுக்காரர். இரண்டு கரைகளுக்கும் நடுவே போய்வரும் பயணிகள் படகை ஓட்டுகிறவர். சீசனில் இருட்டு பிரிவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். அவள் வீடு திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஏரியில் ஒரு வாளித் தண்ணீர் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், இந்த ஏரியை விட்டு அவரைக் கிரேன் வைத்துத் தூக்கினாலும் நகர்த்த முடியாது என்பார்கள். அவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார். மறுத்துப் பேசுகிறவர் அல்ல.

மலையில் இருப்பவர்களுக்கு நகரம் என்றால் ‘கீழே’. ஓட்டலை நடத்தும் கம்பெனி கீழே இன்னொரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தது. இதைப்போலப் பல மடங்கு பெரியது. அங்கே அறைகளின் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி கம்பெனியின் பெரிய மேனேஜர் கூப்பிட்டார். இதற்கு முன்பும் இரண்டு தடவை, வேறு இரண்டு ஓட்டல்களுக்காக, அவர் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர் ஏரியை விட்டு வரமாட்டார் சார்.”

இந்தத் தடவை போனில் அதையே ஆரம்பித்தபோது அவர் குறுக்கிட்டார். “தெரியும்மா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு திங்கட்கிழமை காலையில சொல்லுங்க. முடியாதுன்னா வேற ஆள் போட்டுடுவேன். இதுக்கு மேல உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்.”

தொந்தரவு பண்ணமாட்டேன் என்ற சொல்தான் அவளைக் குத்தியது. கதவு சாத்தப்படப் போகிறது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். ஆனால் வீட்டில் கேட்க வாய் வரவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு கேட்கிற விஷயமாக அது தோன்றவில்லை. அதனால் வேறொன்றைக் கேட்டாள்.

“என்னங்க, வடகரை ஓட்டல்ல சீசன் முடிஞ்சும் ரூம் விடறாங்களாம். சனி ஞாயிறு போய்த் தங்கலாமா?”

படகுக்காரர் ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். “எதுக்கு? நம்ம வீட்டுக் கூரை நல்லாத்தானே இருக்கு?”

“ஒரு தடவை விருந்தாளியாப் போகணும். அவ்வளவுதான்.”

“அதுவும் தினம் நான் போய்வர்ற கரைக்கு.” கொஞ்சம் யோசித்தார். “சரி போலாம். உனக்கு யாராவது படுக்கை போட்டுக் குடுக்கறதை நானும் பார்த்த மாதிரி இருக்கும்.”

கீழே நர்ஸ் வேலை பார்க்கும் மகளுக்குப் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, உலகமே ஏரியைப் பார்க்க மலை ஏறி வருது. நீங்க ஏரியைப் பார்க்க ஏரியைத் தாண்டிப் போறீங்க! அப்பாவைத் துடுப்பு போடச் சொல்லு, டிக்கெட்டாவது மிச்சம்.”

சனிக்கிழமை மதியம் கிளம்பினார்கள். சீசன் முடிந்த கரை, கூட்டம் கலைந்த மேடைபோல இருந்தது. ஐஸ்கிரீம் கடையின் முன்னால் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. மிதிபடகுகளைக் கரையேற்றித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். பனிமூட்டத்தில் மலையே காணவில்லை. தொப்பியும் பொம்மையும் விற்கும் கடையின் ஷட்டரில் ‘வசந்தத்தில் சந்திப்போம்’ என்று ஒரு அட்டை தொங்கியது. படகில் இவர்களைத் தவிர முட்டைத் தட்டுகள் மட்டும்தான் பயணம் செய்தன. ஓட்டியவர் படகுக்காரரின் சக ஊழியர்.

“அண்ணே, இன்னிக்கு நீங்க பயணி. வாயைத் திறக்கக் கூடாது” என்றார் அவர்.

“திறக்கலேப்பா. இடது பக்கம் கொஞ்சம் பாரு, அவ்வளவுதான்.”

“திறந்துட்டீங்க.”

வடகரை ஓட்டல் மூன்று மாடி, மரப் படிக்கட்டு, பழைய கட்டடம். ரிசப்ஷனில் மேனேஜரே உட்கார்ந்திருந்தார். ஆள் குறைந்துவிட்டதால் எல்லா வேலையும் அவர் தலையில். கழுத்தில் மப்ளர், மூக்கடைப்பு. ஏரியைப் பார்த்த அறை ஒன்றைக் கொடுத்தார். பனி விலகினால் ஏரி தெரியும் என்றும், விலகும் என்று தான் உறுதி கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

அறைக்குள் நுழைந்ததும் அக்கா கதவருகே நின்றாள். நின்றது நின்றபடி பார்வை மட்டும் சுற்றியது.

“ஆரம்பிச்சுட்டியா?” என்றார் படகுக்காரர்.

“சும்மா பார்க்கறேங்க.”

“கட்டிலுக்கு அடியில பார்க்காதே. அங்க என்ன இருந்தாலும் அது உன் பிரச்சினை இல்ல.”

அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு பென்சில் கிடந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, துணிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். சோப்புப் பெட்டி, சீப்பு, முகம் துடைக்கும் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஜன்னலோர மேசை வெளிச்சத்தை மறிப்பதாகப் பட்டதால் அதைச் சற்றே தள்ளிப் போட்டாள். படகுக்காரர் தன் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்து இது நல்ல கட்டில் என்று அறிவித்தார்.

மாலையில் ஜன்னல் பக்கம் இரண்டு கப் டீயோடு உட்கார்ந்தார்கள். வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லை. சொல்ல இதைவிடத் தோதான நேரம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

“என்னங்க.”

“ம்.”

“நம்ம ஓட்டலை நடத்தறவங்க கீழே பெருசா ஒண்ணு கட்டறாங்க.”

“கட்டட்டும். அவங்ககிட்ட இருக்கு, கட்டறாங்க. இங்க பாரு, இந்தப் பனி நாளைக்கு மதியம்தான் விலகும். காத்து இன்னும் திரும்பல.”

அவர் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டாள். இந்த மனுஷனை இந்தத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வருத்தம் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. வருத்தத்தைக் கவனித்த அளவுக்கு நிம்மதியை அவள் கவனிக்கவில்லை. நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம், ஒரு கட்டத்துக்கு மேல் நம்மைக் கேட்காமல் தானே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

மறுநாள் காலை அவள் கை அவளை முந்திக்கொண்டது. படகுக்காரர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் படுக்கையை உருவி, திருப்பி, நான்கு மூலையும் இழுத்து விரித்தாகிவிட்டது. தலையணைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. குழாயைத் துடைத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், டவல்களை மூன்றாக மடித்துத் தொங்கவிட்டாள். ‘விருந்தாளி வேலையா இது?’ என்று அவர் கேட்டதற்கு, ‘சாப்பிட்டு வரும்போது அலங்கோலமா இருக்கும்ல’ என்றாள்.

சாப்பிட்டுத் திரும்பியபோது மாடிப்படியின் அடியில் மேனேஜர் நின்றிருந்தார். மப்ளரைக் கழற்றி, டை கட்டியிருந்தார்.

“எல்லாம் திருப்தியா இருக்குங்களா மேடம்?”

“இருக்குங்க.”

“ஹீட்டர் சத்தம் போடுதுன்னா சொல்லுங்க. மாத்திடலாம். ஹீட்டரை மாத்த முடியாது, ரூமை மாத்தலாம்.”

அறையில் ஒரு தட்டு நிறையப் பழம் வைத்திருந்தது. புது டவல்கள். நேற்று இல்லாத ஒரு பூச்சாடி. படகுக்காரருக்கு ஒரே சந்தோஷம். “பார்த்தியா, சீசன் இல்லாதப்போ வந்தா எப்படி கவனிக்கறாங்க! இதைத் தெரியாம ஜனங்க கோடையில வந்து இடிபடறாங்க” என்று ஒரு ஆப்பிளைக் கடித்தார்.

அக்காவுக்குப் பழத்தட்டு சரியாகப் படவில்லை. காரணமில்லாமல் எந்த ஓட்டலிலும் பழம் வராது என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர் கேட்கும் சாக்கில் வராந்தாவுக்குப் போனாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். அக்காவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். எப்போதும் பரபரவென்று இருப்பதால் அவளுக்கு அவசரம் என்று பெயர்; மேனேஜர் அப்படிக் கூப்பிட்டது அக்காவின் காதில் விழுந்திருந்தது. அப்போது அந்தப் பரபரப்பு இல்லை. கண்கள் சிவந்திருந்தன.

“மேடம், குறை இருந்தா என்கிட்ட நேராச் சொல்லலாம். பெட்டைக் கலைச்சு நீங்களே விரிச்சு வச்சுதான் காட்டணுமா?”

“நான் எதையும் காட்டலையே.”

“குழாய்ல முகம் தெரியுது! டவலை மூணா மடிச்சிருக்கு! வந்து தங்கறவங்க யாரு டவலை மூணா மடிப்பாங்க? எங்க முதலாளி ரகசியமா செக் பண்ண அனுப்பின ஆளுன்னு மேனேஜர் காலையிலேர்ந்து நடுங்கிட்டு இருக்காரு. சீசன் இல்லாதப்போ மூணு மாடிக்கும் ஒருத்தி போதும்னு ஏற்கனவே பேச்சு. நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. எனக்குத்தான் வேலை போகும்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவசரத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “நான் தென்கரை ஓட்டல்ல உன் வேலைதாம்மா பார்க்கறேன். மேற்பார்வை. இங்க சும்மா வீட்டுக்காரரோட தங்க வந்தேன்.”

அவசரம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நெஜமா?”

“விரிப்பைப் பார்த்தியே. செக் பண்ண வர்ற ஆளுக்கு அப்படி விரிக்க வருமா?”

அது அவசரத்துக்குப் பொருத்தமான சான்றாகப் பட்டது. பயம் போனதும் கோபம் வந்தது. “கை அரிச்சா உங்க ஓட்டல்ல போய்ச் சொறிஞ்சுக்க வேண்டியதுதானே! காலையிலேர்ந்து என் உசுரு என்கிட்ட இல்ல. நாளைக்கு அந்தப் பெட்டைத் தொட்டீங்க, நானே மேல வந்து கலைச்சு விட்டுடுவேன்.”

“தொடல. போதுமா?”

“அந்தப் பழத்தட்டு மேனேஜர் வீட்டுக்கு வாங்கினது. சாப்பிட்டுட்டீங்களா?”

“அவரு ஒரு ஆப்பிள் சாப்பிட்டாரு.”

“ஒண்ணுதானே, சொல்லிக்கறேன். மீதியக் குடுங்க” என்று அவசரம் தட்டை வாங்கிக்கொண்டு போனாள். கீழே போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் டையை அவிழ்த்துவிட்டு மறுபடி மப்ளர் சுற்றிக்கொண்டார்.

படகுக்காரர் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்டிப்பாகச் சொன்னார். “இப்ப வெளிய போறோம். அறை இப்படியே கிடக்கும். ஒரு கப்பைக்கூட நீ நகர்த்தக் கூடாது.”

அவள் நகர்த்தவில்லை. அவள் வாழ்நாளில் தான் தங்கிய அறையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தது அன்றுதான் என்று சொல்லலாம்.

காற்று அவர் சொன்னபடியே மதியத்தை ஒட்டித் திரும்பியது. மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் உச்சி, பிறகு தோள். கரையோரமாக நடந்தார்கள். குளிர் ஏறியதால் அக்கா சால்வை எடுக்க அறைக்குத் திரும்பினாள். படகுத்துறையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் படகுக்காரர் நடந்தார்.

அறைக் கதவு திறந்திருந்தது. அவசரம் அப்போதுதான் நுழைந்திருந்தாள். இன்னும் எதையும் தொடவில்லை. அக்கா வாசலிலேயே நின்றாள். மற்றவர்களின் எத்தனையோ அறைகளை அவள் இப்படி நின்று படித்திருக்கிறாள். தன் அறையைப் படித்ததில்லை. வீட்டில் அது கலைவதற்குள் ஒழுங்காகிவிடும். இப்போது கண்முன் கிடந்தது. ஆனால் அவள் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இது அவர் ஷூ, இது என் சீப்பு என்று பொருள்கள்தான் தெரிந்தன.

“அவசரம், ஒண்ணு கேட்கட்டுமா? இந்த ரூம்ல யாரு தங்கியிருக்காங்கன்னு உனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோ. பார்த்துட்டு என்ன சொல்வே?”

அவசரம் முறைத்தாள். “இது பரீட்சையா?”

“இல்ல. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை என்பது அவசரத்துக்குப் புரிந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அறையைப் பார்த்தாள். முதல் தடவையாக, அவசரப்படாமல்.

“சண்டை போட்டவங்க இல்ல. ரெண்டு கப்பும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. சண்டைன்னா ஒண்ணு வாஷ்பேசின்ல கிடக்கும்.”

“அப்புறம்?”

“இந்தம்மா வந்த அன்னிக்கே குடியேறிட்டாங்க. ஹேங்கர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது. வீட்டுலேர்ந்து சோப்புப் பெட்டி. அந்த மேசை அங்க இருக்கறதே இல்ல. ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டிருக்காங்க. ரெண்டு ராத்திரிக்கு மேசையை நகர்த்தற ஆளை நான் பார்த்ததில்ல.”

“அவரு?”

“அவரு வரவே இல்லைக்கா.”

“என்னது?”

“பாருங்க. பை கட்டினபடியே இருக்கு. அலமாரியில அவர் துணி ஒண்ணுகூட இல்ல. பல் தேய்ச்ச பிரஷ்ஷைத் திரும்பப் பையோட பக்கவாட்டுலயே சொருகியிருக்காரு. ஷூவுக்குப் பதிலா செருப்புப் போட்டுட்டுப் போயிருக்காரு போல, ஷூ வாசலைப் பார்த்து நிக்குது. இப்ப ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா எந்த ஊருக்கு வேணும்னாலும் அடுத்த நிமிஷம் கிளம்பிடுவாரு. இந்தம்மாதான் கிளம்ப நாளாகும்.”

அக்கா அந்தக் கட்டின பையையே பார்த்தாள். அவசரம் கொஞ்சம் பயந்து, “தப்பா சொல்லிட்டேனாக்கா?” என்றாள்.

“இல்லம்மா. சரியாத்தான் இருக்கு. நான்தான் திருப்பி வச்சுப் படிச்சுட்டு இருந்தேன்.”

சால்வையை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தாள். பையை நாற்காலியில் போடுவது ஒரு சோம்பேறி மனிதனின் பழக்கம், அவ்வளவுதான் என்று தன்னிடமே வாதாடிப் பார்த்தாள். வாதம் நிற்கவில்லை. வீட்டிலும் அவர் அலமாரியில் பாதிக்குமேல் காலிதான். அதை அவள் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறாள்.

படகுக்காரர் துறையின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் உட்காராமலே சொன்னாள்.

“கம்பெனி என்னைக் கீழே கூப்பிடுது. அந்தப் புது ஓட்டலுக்கு. மொத்த ரூம் பொறுப்பும். நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “நல்ல விஷயம்தானே? இதை எதுக்கு மூச்சு வாங்கிட்டுச் சொல்றே?”

“மூணாவது தடவையாக் கூப்பிடறாங்க.”

“முதல் ரெண்டு தடவை?”

“நீங்க ஏரியை விட்டு வரமாட்டீங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் முதலில் சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டது. “என்னைக் கேட்டியா?”

“ஊரே சொல்லுதேன்னு…”

“ஊருக்கா நான் புருஷன்?” குரல் உயர்ந்தது. அக்கா அதிர்ந்துதான் போனாள். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டு நாளாகிறது. “ஊர் ஆயிரம் சொல்லும். ஒரே வீட்டுல இருக்கே. ‘என்னங்க, வருவீங்களா’ன்னு கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கரையில ஏறி இந்தக் கரையில இறங்கறேன். இந்தக் கரையில ஏறி அந்தக் கரையில இறங்கறேன். இத்தனை வருஷத்துல நான் எங்கயாவது போய்ச் சேர்ந்திருக்கேனா? கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு தொப்பி!”

“உங்களுக்கு ஏரி பிடிக்காதா?”

“பிடிக்காதுன்னு யார் சொன்னா? போதும்னு சொல்றேன். பிடிச்ச சாப்பாடும் போதும்னு வருமில்ல? கீழே ஓட்டறதுக்கு வண்டியா இல்ல? நேராப் போற வண்டி ஏதாவது ஒண்ணு கிடைக்கட்டும், போதும்.”

 கோபம் அவருக்கு நிலைக்காது. நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

“சரி, என்னை விடு. நீ போகணும்னு நினைக்கிறியா?”

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் வரமாட்டார் என்ற பதில் எப்போதும் முன்னால் வந்து நின்றுவிட்டதால் கேள்வி அவள்வரை வந்து சேரவே இல்லை.

“பயமா இருக்கு” என்றாள். சொல்லிவிட்டு, தான் இப்படிச் சொன்னதை நம்பாமல் தண்ணீரைப் பார்த்தாள். “இங்க எந்தக் குழாய் எப்ப சொட்டும்னு எனக்குத் தெரியும். அங்க எந்தக் கதவு எங்க போகுதுன்னுகூடத் தெரியாது. படிச்சு வந்த பொண்ணுங்க நாலு பேரு சுத்தி நிப்பாங்க. இந்த வயசுல அவங்க முன்னாடி வழி கேட்டுட்டு நிக்கணுமா? அதான். நீங்க வரமாட்டீங்கன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.”

“அப்பிடிச் சொல்லு.” அவர் குரலில் பரிகாசமும் இல்லை, ஆறுதலும் இல்லை. “பயமா இருந்தா வேண்டாம். ஆனா இந்தத் தடவை உனக்காக நீயே வேண்டாம்னு சொல்லு. என் தலைமேல வைக்காதே.”

நியாயமான பேச்சு. ஆனாலும் கடினமான பேச்சு. ஒருவருக்கு அவருடைய விருப்பத்தை முழுதாகத் திருப்பிக் கொடுப்பது அன்பு என்று புத்தகங்கள் சொல்லக்கூடும். வாங்கிக்கொள்கிறவர் கையில் அது முதலில் பாரமாகத்தான் இருக்கிறது. அன்று மாலை முழுவதும் அக்கா அந்தப் பாரத்தோடுதான் இருந்தாள். சூப் குடித்தாள், மகளுக்குப் போன் செய்து பனி விலகிய கதையைச் சொன்னாள், மேனேஜரின் மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கச் சொன்னாள். மனம் மட்டும் ஓர் இடத்தில் நின்றது.

அவசரம் சொன்னதை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ‘கிளம்ப நாளாகும்’ என்ற கடைசி வரி மட்டும்தான் மதியம் காதில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் அவள் வேறொன்றும் சொல்லியிருந்தாள். வந்த அன்றைக்கே குடியேறிவிட்டார்கள் என்றாள். அவசரத்துக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவளாக அக்கா அதை எடை போட்டாள். தெரியாத அறை, தெரியாத அலமாரி, கட்டிலுக்கு அடியில் யாருடையதோ பென்சில். டீ ஆறுவதற்குள் அது தன் அறையாகிவிட்டது. யாரிடமும் வழி கேட்கவில்லை, மேசை இங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது, நகர்த்தினாள். கிளம்பத் தயங்குகிறவள்தான், ஆனால் போன இடத்தில் நிற்கத் தெரியாதவள் அல்ல. பயம் உண்மை. மேசை நகர்ந்தது அதைவிட உண்மை. வேறொருத்தியின் அறையில் இப்படிக் கண்டிருந்தால் பெண்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். ‘இவளை எங்க கொண்டு விட்டாலும் பிழைச்சுக்குவா’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை, சாப்பாட்டுக் கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும். அவள் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். வெளியே போய்ப் பேசுகிறாயா என்று படகுக்காரர் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சார், நான்தான். பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேனே.”

“சொல்லுங்கம்மா.” கேட்கப்போகும் பதிலைத் தெரிந்து வைத்திருப்பவரின் குரல்.

“ரெண்டு விஷயம் இருக்கு. மேசைக்குப் பின்னாடி என்னை உட்கார வைக்கக் கூடாது. தினம் ரூமுக்குள்ள நான் போய்ப் பார்ப்பேன். ரெண்டாவது, முதல் ஒரு மாசம் எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது. கேட்டுட்டேதான் இருப்பேன். யாரும் முகம் சுளிக்கக் கூடாது.”

மறுமுனையில் அவர் குரல் மாறியது. “அப்ப… உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?”

அக்கா எதிரே பார்த்தாள். படகுக்காரர் ஆர்வத்தில் மெல்லுவதையே நிறுத்தியிருந்தார்.

“அவரைத் தனியாக் கேட்டுக்கங்க சார். வேணும்னா நம்பர் தர்றேன். நான் வர்றேன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். எந்தத் தேதின்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

அவர் தேதியைச் சொன்னார். அவள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, தள்ளி வைத்த ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.